நிகும்பலையில் இருந்து வீட்டுக்கு

இந்திரசித்து கடைசிப் போருக்குப் போவதற்கு முன்னால் ஒருதடவை வீட்டுக்குப் போய் வந்தான் என்பது எனக்கு முப்பத்தொரு வயதில்தான் தெரிய வந்தது. அதுவரைக்கும் அந்தக் கதையைக் கூத்தாகவும் மேடை நாடகமாகவும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வானர சேனையில் ஒருவனாக ஆடியும் இருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான். யாகம் குலையும், சித்தப்பா எதிரிப் பக்கம் நிற்பதை மகன் பார்ப்பான், ஏசுவான், வில்லை எடுப்பான், அரை மணித்தியாலம் சண்டை நடக்கும், விழுவான். நடுவில் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு தகப்பன் இருந்தான், அவனிடம் போய் இவன் ஒன்று சொல்லி, அது எடுபடாமல்தான் திரும்பக் களத்துக்கு வந்தான் என்பதை யாரும் ஆடிக் காட்டவில்லை.

2018இல் நாங்கள் அதை ஆடினோம். நான்தான் இந்திரசித்து. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடக்கிறது. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேகநாதன் இராவணனின் மகன். இந்திரனைத் தோற்கடித்ததால் இந்திரசித்து என்று பெயர். மாயப் போரில் அவனைப் போல இன்னொருவன் அந்தக் கதையில் இல்லை. மேகத்துக்குள் மறைந்து நின்று அம்பு விடுவான். நாகபாசத்தால் இலக்குவனையும் சேனையையும் கட்டிப் போட்டான், கருடன் வந்துதான் அவிழ்க்க வேண்டியிருந்தது. பிரம்மாஸ்திரம் விட்டுச் சாய்த்தான், அனுமன் மருந்து மலையைத் தூக்கி வர வேண்டியிருந்தது. பிறகு மாயத்தால் ஒரு சீதையை உண்டாக்கி அனுமன் கண் முன்னாலேயே வெட்டிப் போட்டான். இராமன் பக்கம் இடிந்து போய்க் கிடக்கும் நேரத்தில் அவன் நிகும்பலை என்ற இடத்துக்குப் போய் யாகத்தில் உட்கார்ந்தான். யாகம் முடிந்தால் அவனை யாராலும் வெல்ல ஏலாது.

அதை எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது விபீஷணன். கம்பர் சொல்கிறபடி வண்டாக உருமாறிப் பறந்து போய், சீதை உயிரோடு இருப்பதைப் பார்த்து, யாகம் நடப்பதையும் தெரிந்துகொண்டு வந்து சொன்னது அவன்தான். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்திருக்கக்கூடிய ஆள்.

திருகோணமலையில் இந்தக் கதையைச் சொல்வதற்கும் வேறு ஊரில் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் ஊரில் இராவணன் பத்துத் தலை அரக்கனாக மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு அறிமுகமாவதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போனால் சுவாமி மலையில் கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் அந்தப் பாறையைக் காட்டி, இதுதான் இராவணன் வெட்டு என்பார்கள். சுகமில்லாத தாய் வழிபட வேண்டும் என்பதற்காகக் கோயிலையே பெயர்த்துக் கொண்டுபோகப் பார்த்த இடம் என்று கதை. சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகத்திலும் எட்டாவது பாட்டில் இராவணன் வந்துவிடுவான். அநுராதபுரம் போகிற வீதியில் கன்னியா இருக்கிறது. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய் இறந்த பிறகு இராவணன் அவளுக்குக் கடன் கழித்த இடம் என்று சொல்லித்தான் இன்றைக்கும் எங்கள் சனம் செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு அங்கே போகிறது. அப்பப்பாவுக்கு நாங்களும் அங்கேதான் செய்தோம். அந்தச் சுடுதண்ணியை வாளியில் அள்ளி அப்பா தலையில் ஊற்றியதும், அவர் நெஞ்சு நடுங்கியதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆகவே எங்களுக்கு இராவணன் முதலில் ஒரு மகன், அரசன் என்பதெல்லாம் பிறகு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவேன்.

எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என் தாய் மாமா. ஊர் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்குப் பக்கம். நான் திருகோணமலை டவுனில் வேலை செய்கிறேன். முந்தி என்றால் மூதூருக்குப் படகில் போக வேண்டும், இப்போது பாலங்கள் எல்லாம் வந்துவிட்டதால் கிண்ணியா வழியாக மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். அந்த வருஷம் ஆறு மாதம் வெள்ளி இரவில் போய் ஞாயிறு இரவில் திரும்பினேன்.

மாமாவிடம் இருந்த கூத்துக் கொப்பிகள் எல்லாம் 2006இல் யுத்தத்தில் ஊரே எழும்பி ஓடியபோது போய்விட்டன. உடுப்புகள், கிரீடமாகத் தலையில் வைக்கிற முடிகள், மத்தளம், எதையும் எடுக்க நேரம் இருக்கவில்லை. பிறகு முகாமில் இருந்த காலத்தில் தனக்கு மனப்பாடமாக இருந்ததை எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினார். அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற நாட்களில் அவர் இரவில் குப்பி விளக்கில் இருந்து விருத்தமும் தாழிசையும் எழுதினார் என்று மாமி சொல்வார். அந்தக் கொப்பியைத்தான் அவர் என்னிடம் தந்து, உன்ர பாட்டெல்லாம் பார்த்து எழுது என்றார். எழுதிக்கொண்டு போகும்போது நடுவில் ஆறு பக்கத்துக்குப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருந்தது. வாசித்துப் பார்த்தேன். தகப்பனும் மகனும் பேசுகிற தர்க்கப் பாட்டு.

மாமா, இது என்ன, ஏன் வெட்டியிருக்கு என்று கேட்டேன்.

“அது விடிய விடிய ஆடின காலத்துச் சாமான் மருமோன். இப்ப அதுக்கு எங்க நேரம்?”

அவர் சொன்னது உண்மைதான். வட்டக்களரியில் சுற்றிவர சனம் இருந்து இரவு முழுக்கப் பார்த்த கூத்து, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எடுத்த முயற்சிக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கும் வந்தது, ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கவும் செய்தது. அதனால்தான் கூத்து ஊரைத் தாண்டி நகரத்துக்குப் போனது, படித்தவர்கள் மதித்துப் பார்த்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுருக்கும்போது எதை வெட்டுவது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அண்ணாவியார் முடிவெடுத்திருப்பார்தானே. சனத்துக்குச் சண்டை பிடிக்கும், மத்தளம் உச்சத்துக்குப் போகும், நாங்கள் ஆடுகிற வடமோடிக் கூத்து என்றாலே வீரமும் வேகமும்தான். அதை விட்டுவிட்டு, ஒருவன் தகப்பனிடம் மெதுவாகப் பேசுகிற இடத்தை வெட்டியிருப்பார்கள்.

அன்றிரவு டவுனுக்குத் திரும்பி வந்து கம்பராமாயணத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். இந்திரசித்து வதைப் படலத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இதை நீங்களும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும், நான் உரைநடையில் சொல்வது அதில் பாதிகூட இல்லை.

யாகம் குலைந்த பிறகு இந்திரசித்து ஆகாயத்தில் மறைந்து இலங்கைக்குத் தகப்பனிடம் வருகிறான். உடம்பெல்லாம் காயம். என்ன நடந்தது என்று இராவணன் கேட்கிறான். நான் போட்ட திட்டத்தை எல்லாம் உங்கள் தம்பியே துடைத்து எறிந்துவிட்டான் என்கிறான் மகன். களத்தில் வைத்துச் சித்தப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசியவன் வீட்டுக்கு வந்து தகப்பன் முன்னால் நிற்கும்போது ‘உங்கள் தம்பி’ என்று மட்டும் சொல்கிறான். பிறகு இலக்குவனின் வலிமையைச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு. நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், சீதை மேல் இருக்கிற ஆசையை விட்டுவிடுங்கள், விட்டால் அவர்கள் கோபம் தணிந்து போய்விடுவார்கள், செய்த பிழையையும் பொறுப்பார்கள், உங்கள் மேல் இருக்கிற அன்பால் சொல்கிறேன் என்று. மூன்று உலகத்தையும் கலக்கி வென்றவன் இப்படிச் சொல்கிறான். அதுவரை தகப்பன் சொன்ன ஒன்றையும் அவன் மறுத்ததில்லை.

இராவணன் சிரிக்கிறான். உன்னை நம்பியா இந்தப் பகையைத் தேடினேன், செத்துப் போனவர்களை நம்பியா தேடினேன், என்னை நம்பித்தான் தேடினேன் என்கிறான். நான் தோற்றாலும் இராமன் பேர் இருக்கும்வரை என் பேரும் இருக்கும் என்கிறான். தேரைக் கொண்டு வா, நானே போகிறேன் என்று எழும்புகிறான். அப்போது மகன் காலில் விழுந்து, கோபத்தை விடுங்கள், நான் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் போய் முடிந்த பிறகு என் பேச்சு நல்லதுதான் என்று தெரிந்துகொள்வீர்கள் என்று சொல்லிவிட்டுத் தேரில் ஏறுகிறான். கேட்டவர்களுக்கெல்லாம் இருந்ததைக் கொடுக்கிறான். தகப்பனைக் கடைக்கண்ணால் திரும்பித் திரும்பிப் பார்த்து, இரண்டு கண்ணாலும் தண்ணி வழியப் போகிறான். பின்னால் வந்த ஆட்களிடம், நீங்கள் நின்று அரசனைக் காவல் காருங்கள் என்கிறான்.

இதை வாசித்துவிட்டு நான் நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன். துரோகத்தால் எல்லாம் போய்விட்டது, யாகம் இல்லை, ஒளிந்து நின்று அடிக்க இடமில்லை, தான் சாகப் போவது அவனுக்குத் தெரியும். இந்த நிலையில் நேராகக் களத்தில் நின்று அடித்துச் சாவது ஒரு வீரனுக்குப் பெரிய விஷயமே இல்லை என்று எனக்குப் பட்டது. பழக்கப்பட்ட வேலைதானே அது. ஆனால் அவன் வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தகப்பன் முகத்தைப் பார்த்து, நீங்கள் செய்வது பிழை என்று சொல்கிறான். அவனுக்கு அதுதான் கடைசிப் போர். அதில் தோற்றுவிட்டான். மற்றச் சண்டை பிறகு நடந்தது.

இப்போது டிவியிலும் போனிலும் வருகிற மாய மந்திரத் தொடர்களைப் பார்த்தால் எனக்கு இந்த இடத்தில்தான் மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது. காட்டிக் கொடுக்கப்பட்ட வீரனைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள், அம்பு ஒவ்வொன்றாக ஏறும், முழங்காலில் விழுவான், எழும்புவான், திரும்ப விழுவான், மழை வரும், பின்னால் பாட்டு வரும். நன்றாகத்தான் எடுக்கிறார்கள், உழைப்புத் தெரிகிறது. ஆனால் அவன் யாரிடம் சொல்லிக்கொண்டு வந்தான், யார் பேச்சைக் கேட்காமல் வந்தான் என்று தெரியாவிட்டால் அந்த அம்புகளை எண்ணிக்கொண்டு இருப்பதைத் தவிர நான் என்ன செய்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை மாமாவிடம் போய், அந்த ஆறு பக்கத்தையும் ஆட வேண்டும் என்றேன். கோயில் நிர்வாகம் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் தந்திருந்தது, அதற்குப் பிறகு ஓர் இசைக்குழு இருந்தது. அப்படியென்றால் வேறு எதை வெட்டுவது? மாயசீதையை வெட்ட ஏலாது, பெடியன்கள் புகை மெஷினுக்குக் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். நாகபாசத்தை வெட்டினால் கருடன் வேஷக்காரர் வரமாட்டார். மூன்று கிழமை இதே பேச்சு. கடைசியில் மாமாதான், சண்டையை வெட்டுவம் என்றார். நாற்பது நிமிஷம் இருந்த கடைசிச் சண்டை பன்னிரண்டு நிமிஷமானது. இலக்குவனாக ஆடியவர் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை பழக்கத்துக்கு வரவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, ஊரில் அவரைப் போல் ஆட்டம் போட ஆள் இல்லை. மாமா வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தார்.

இனி ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும்.

பழக்கம் நடப்பது ஊர் மடத்துக்கு முன்னால் இருக்கிற வெளியில். ஆம்பிளை பொம்பிளை என்று சனம் வந்து இருந்து பார்க்கும். நிகும்பலையில் நான் விபீஷணனைப் பார்த்துப் பாடுகிற பாட்டில் ‘துரோகி’ என்ற சொல் மூன்று தடவை வரும். தாளம் விழுகிற இடத்தில் அந்தச் சொல் விழும், பாடுவதற்கு நல்ல சொல், காறித் துப்புகிற மாதிரிப் பாடலாம். பிற்பாட்டுக்காரரும் அதையே எடுத்துத் திரும்பப் பாடுவார்கள். இரண்டாவது தடவை நான் அதைப் பாடும்போது, முன்னால் பாயில் இருந்த ஓர் ஆச்சி எழும்பி, சீலைத் தலைப்பை உதறி, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். மத்தளத்தில் அவர் கை ஒரு கணம் நின்றது.

அடுத்த நாள் மாமா கொப்பியை வாங்கி அந்தச் சொல்லை மூன்று இடத்திலும் அடித்துவிட்டார். அந்த இடத்துக்கு என்ன சொல் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சித்தப்பா எண்டு கூப்பிடு, மிச்சத் தாளத்துக்கு நான் அடிக்கிறன் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அம்மாதான் பிறகு சொன்னார். அந்த ஆச்சியின் தம்பியை எண்பதுகளில் ஓர் இரவு வந்து கூட்டிப் போனார்கள். விடியக் கிடந்த உடம்பில் ஒரு மட்டை கட்டியிருந்தது. மட்டையில் அந்த ஒரு சொல்தான். அவர் என்ன செய்தார், உண்மையில் ஏதாவது செய்தாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. செத்த வீட்டுக்குப் போகவே சனம் பயந்ததாம்.

எங்கள் தலைமுறை அந்தச் சொல்லை லேசாகச் சொல்லிவிடுகிறது. கிரிக்கெட் டீம் மாறிப் போனவனுக்குச் சொல்கிறோம், சங்கத் தேர்தலில் வாக்கு மாற்றிப் போட்டவனுக்குச் சொல்கிறோம். எங்களுக்கு முந்தின ஆட்களுக்கு அது ஒரு தீர்ப்பு, அப்பீல் இல்லாத தீர்ப்பு. விபீஷணன் பெயரையே அந்தச் சொல்லுக்குப் பதிலாகப் பாவித்த காலம் ஒன்று இருந்தது. இதே தீவில் களனி விகாரையில் அதே விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கிறது, காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஒரே ஆள்.

எனக்கு விபீஷணன் மேல் இருந்த கோபம் அதற்குப் பிறகு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவில்லை. அவன் சொன்ன நியாயம் எல்லாம் சரி, சீதையை விடு என்று சபையில் சொன்னான், அண்ணன் உதைக்காத குறையாக விரட்டினான், அதுவும் சரி. ஆனால் அண்ணனை விட்டுப் பிரிந்து போவது வேறு, அண்ணன் மகன் எந்த இடத்தில் எப்போது தனியாக இருப்பான் என்று சொல்லிக் கொடுப்பது வேறு. இந்திரசித்தும் கடைசியில் விபீஷணன் சொன்ன அதே அறிவுரையைத்தான் தகப்பனுக்குச் சொன்னான். கேட்காத தகப்பனுக்காகத் திரும்பிப் போய்ச் செத்தான். இரண்டு பேருக்கும் பிழை எது என்று தெரிந்திருந்தது, அதற்குப் பிறகு எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். எது சரி என்று என்னைக் கேட்டால், நான் இந்திரசித்து வேஷம் கட்டினவன், அவன் பக்கம்தான் நிற்பேன்.

விபீஷணனாக ஆடினவர் பஸ் கண்டக்டர், நல்ல குரல், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொல்லை எடுத்த பிறகு அவர்தான் கஷ்டப்பட்டார். ஏசினால் திருப்பி ஏசலாம், வெறுமனே சித்தப்பா என்று கூப்பிட்டுவிட்டு நின்றால் நான் என்ன செய்யிற தம்பி என்று கேட்டார். அப்போது எனக்கு வால்மீகியில் படித்த ஓர் இடம் நினைவுக்கு வந்தது. அங்கே அந்தச் சண்டை மூன்று பகலும் மூன்று இரவும் நடந்தது என்று வரும். அதற்கு நடுவில் விபீஷணன் வானரர்களிடம் சொல்கிறான், இவன் எனக்கு மகன் முறை, கொல்லத்தான் நினைக்கிறேன், ஆனால் கண்ணீர் வந்து என் கண்ணை மறைக்கிறது, இலக்குவனே செய்யட்டும் என்று. இதைச் சொன்னதும் அவர் பேசாமல் இருந்தார். பிறகு பழக்கத்தில் நான் சித்தப்பா என்று கூப்பிட்டதும் அவர் தன் கையில் இருந்த தண்டாயுதத்தை மெதுவாகக் கீழே ஊன்றி, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வேறு ஒன்றும் செய்யவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

காலில் விழுவதில் ஒரு பிரச்சினை வந்தது. வடமோடியில் அரச வேஷத்துக்குக் கரப்புடுப்பு. கரப்பு மாதிரி வளையம் வைத்து இடுப்பில் இருந்து விரிந்து நிற்கும், துள்ளி ஆட நன்றாக இருக்கும், குனிய ஏலாது, இருக்கவும் ஏலாது. நான் இராவணன் காலில் விழப் பார்த்தால் உடுப்பு பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உடுப்பை மாற்றலாம் என்றார்கள், உள்ளே போய் மாற்றி வர நேரம் இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க இதற்கே போனது. மாமா பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, விழாத மருமோன், முடியைக் கழட்டி அவர்ர காலடியில வை என்றார்.

வைத்துப் பார்த்தேன். முடியைக் கழட்டினதும் தலை வெறுமையாக, காற்று படுகிற மாதிரி இருந்தது. அதை மணலில் வைத்தேன். திரும்ப எடுக்கவா என்று கேட்டேன். எடுக்காத, போ, எப்பிடியும் வரமாட்டாய்தானே என்றார். இராவணனாக ஆடியவர் குனிந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கடற்றொழில் செய்பவர், எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாது, பாட்டை எல்லாம் மாமா சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் பாடமாக்கினார்.

அரங்கேற்ற இரவு பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கினோம். கடல் பக்கத்துக் காற்று, மைக்கில் ஹோ என்று கேட்டது. ஐஸ்பழ வண்டி, கச்சான் வண்டி எல்லாம் களரி ஓரம் வந்து நின்றன. மாயசீதை காட்சியில் புகை மெஷின் நன்றாக வேலை செய்தது, பிள்ளைகள் கத்தின சத்தத்தில் அனுமன் பாட்டு ஒரு வரி கேட்கவே இல்லை. நாகபாசமும் கருடனும் போயின. இதெல்லாம் வழக்கம் போல.

நிகும்பலையில் நான் விபீஷணன் முன்னால் வந்து நின்றேன். பாட்டில் அந்த இடம் வந்தது. சித்தப்பா என்றேன். மாமா வெற்றுத் தாளம் அடித்தார், பிற்பாட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை நான் அதைப் பாடவே இல்லை, பேச்சுக் குரலில் கூப்பிட்டேன், அப்படித்தான் வந்தது. களரியைச் சுற்றி இருந்தவர்களுக்கு அங்கே என்ன சொல் இருக்க வேண்டும் என்று தெரியும், எத்தனை வருஷமாகக் கேட்ட பாட்டு. அது வரவில்லை என்பதும் தெரிந்தது. கச்சான் சுருட்டின கடதாசிச் சத்தம்கூட இல்லை.

பிறகு வீடு. பதினெட்டு நிமிஷம். கூத்தில் வரவு ஆட்டம் என்றால் சுற்றிச் சுழன்று வர வேண்டும், மாமா என்னை நடந்து வரச் சொல்லியிருந்தார், சதங்கைச் சத்தம் மட்டும். தகப்பனும் மகனும் மாறி மாறிப் பாடினோம். நான் முடியைக் கழட்டி வைத்தேன். போகும்போது கம்பர் சொன்ன மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனேன், ஐந்து அடிக்கு ஒருதடவை. ஐந்தாவது தடவை திரும்பும்போது இராவணன் முடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். நான் அழக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார், நீ அழுதால் சனம் அழாது என்று. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

சண்டை பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. முதலில் வில் பிடித்த கை, பிறகு தலை. தலையை அங்கதன் தூக்கிக்கொண்டு இராமனிடம் போய்விடுவான், அதனால் இராவணன் வந்து தேடும்போது தலை இல்லாத உடம்புதான் கிடைக்கிறது. நான் மணலில் கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன். இராவணன் வந்தார். முடி அவர் கையில் இருந்தது. அதை வைக்கத் தலை இல்லை. இதை நாங்கள் யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், மாமாகூட யோசிக்கவில்லை. அவர் முடியை என் கழுத்துக்கு மேலே வெறும் மணலில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

அங்கே வருகிற பாட்டு கம்பர் கருத்தை ஒட்டினது. எனக்கு நீ செய்ய வேண்டிய கடனை எல்லாம் உனக்கு நான் செய்கிறேனே என்று தகப்பன் அழுகிற இடம். துணிக்கு அடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும்தான். முதலில் ஒரு பொம்பிளைக் குரல் எங்கேயோ பின்னால் இருந்து வந்தது. பிறகு ஓர் ஆம்பிளை. அந்த வெளியில் இருந்தவர்களில் எத்தனை தகப்பன்மார் கன்னியாவுக்குப் போய்ப் பிள்ளைக்குச் செய்துவிட்டு வந்தவர்கள், எத்தனை பேர் உடம்பு கிடைக்காமல் அதுவும் செய்யாமல் இருக்கிறவர்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தாய்க்குக் கடன் கழித்த அதே இராவணன்தான் இங்கே மகனுக்கும் கழிக்கிறான். மாமா மத்தளத்தை நிற்பாட்டிவிட்டார். பாட்டு தாளம் இல்லாமல் போனது.

இசைக்குழு இரண்டேமுக்காலுக்கு மேல்தான் தொடங்கியது, நாங்கள் நேரம் கடந்துவிட்டோம் என்று நிர்வாகத்தில் ஒருவர் மாமாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசினார். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

மடத்துத் திண்ணையில் நாங்கள் உடுப்புக் கழட்டிக்கொண்டு இருந்தோம். அரிதாரம் வியர்வையோடு சேர்ந்து கண்ணுக்குள் எரிந்தது, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆச்சி வந்தார். அன்றைக்கு முன் வரிசையில்தான் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. கையில் பிளாஸ்க். என்னை அவர் பார்க்கவில்லை. நேராக விபீஷணனிடம் போனார். அவர் இன்னும் வேஷம் கலைக்காமல் சுவரில் சாய்ந்து இருந்தார், எழும்பப் பார்த்தார், ஆச்சி தோளில் கை வைத்து இருத்தினார். மூடியில் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு,

“சாப்பிட்டியா மகன்?” என்று கேட்டார்.